எழுநூறு வயது நோயாளி

நோயாளிக்கு வயது எழுநூறு. நேரில் வரவில்லை. அவர் சார்பில் வந்தவனை வீட்டில் ‘ஆராய்ச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக ஒரே பக்திக் கவிஞரைப் பிடித்துத் தொங்கியதில் சொந்தப் பெயர் தேய்ந்து போயிருந்தது.

அவன் கண்டுபிடிப்பு இதுதான்: அந்தக் கவிஞர் பாட்டுக்குப் பாட்டு மயங்கி விழுந்தது இறைவன் வந்ததால் அல்ல, வலிப்பு வந்ததால். நரம்பு டாக்டர் ஒருவர் இதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைத் தொடுவேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். கெடு இன்று மாலை ஐந்து. தவறினால் பதிவு ரத்து, ஆறு வருடமும் அம்போ. இப்போது மணி மூன்றே கால்.

“டோக்கன் முப்பத்தொண்ணு!”

அவன் துள்ளி எழுந்தான். துணைக்கு வந்த அக்காவும் எழுந்தாள். தட்டச்சுக் கடை வைத்திருக்கும் அக்கா. ஆய்வேடு முழுக்க அவள் விரலில் பிறந்தது.

டாக்டரம்மாவின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் மூளை பாதி கழன்று கிடந்தது. கழன்ற பாதியை ஓரம் தள்ளிவிட்டு அவர் கோப்பைத் திறந்தார். ஆஸ்பத்திரி விவரத்தாள் போலவே கட்டம் கட்டி, பாட்டுகளில் பொறுக்கிய அறிகுறிகளை நிரப்பிய இரண்டு பக்கம். படிக்கப் படிக்க நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

“எங்க ஜூனியர்ஸ்கூட இவ்ளோ சுத்தமா கேஸ் எழுத மாட்டாங்க தம்பி! முதல்ல ஒரு கருகல் வாசனை. அப்புறம் இடது கை தானா துணியை நோண்டுது. நாப்பது செகண்ட் பேச்சில்லை. முடிஞ்சதும் நாக்குல இரும்பு ருசி. சந்தேகமே இல்லை, வலிப்புதான்! உடனே ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“அவர் பிறந்தே எழுநூறு வருஷமாச்சு மேடம், எப்பவோ போய்ச் சேர்ந்துட்டார்.”

“அடடா, ரொம்ப லேட் பண்ணிட்டீங்களே.” பேனாவைத் திறந்தவர், திரும்பத் தாளைப் பார்த்தார். “கருகினது என்னன்னு போட்டிருக்கு? ரப்பரா? அந்தக் காலத்துல ஏது ரப்பர்?”

அதற்குள் தொலைபேசி அடித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆராய்ச்சி குனிந்து கிசுகிசுத்தான்.

“அக்கா, நான் எழுதிக் கொடுத்தது ‘வாசம் வந்தது, கை நடுங்கிற்று, சொல் நின்றது’. அவ்ளோதானே?”

“கட்டமெல்லாம் காலியா இருந்துச்சுடா. என்ன வாசம், எந்தக் கை, எவ்ளோ நேரம்னு கேட்டிருக்கு. காலிக் கட்டத்தோட என் கடையிலேர்ந்து ஒரு ஃபாரம் வெளிய போனதில்லை. எப்படியும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே வரும்னு நிரப்பிட்டேன்.”

“எல்லாருக்குமா?”

“முப்பது தாண்டினா வரும்ல? உனக்கு இன்னும் வரலையா?”

பேச்சு நடுவில் அக்கா அடிக்கடி நின்றுபோவாள். தன் ஆராய்ச்சியைக் கேட்டுச் சலித்துவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் கோபித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா போனை வைத்தார். “ரப்பர் டைப்பிங் தப்புதானே? மத்ததெல்லாம் பாட்டுல இருக்குன்னு சொன்னா இப்பவே போட்டுடறேன். இல்லேன்னா உங்க கவிஞருக்கு ஒண்ணுமில்லை. சாமியை நினைச்சு உருகியிருக்கார், அவ்ளோதான்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆராய்ச்சி மேசைமேல் எட்டி அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, ‘வயது: 700’ என்பதை அடித்துவிட்டு ‘34’ என்று எழுதினான். பெயர் இருந்த இடத்தில் ‘அக்கா’ என்று கிறுக்கினான்.

“டேய், நான் துணைக்கு வந்தவடா!”

“இனிமே நான்தான் துணை. பேசாம உக்காரு.”

நாலே முக்காலுக்கு அக்கா தலை நிறைய ஒயரோடு படுத்திருந்தாள். வெளியே வராந்தாவில் ஆராய்ச்சி நெறியாளரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

“சார், கவிஞரை விடுங்க! அந்தப் பாட்டை ஏட்டுல பிரதி எடுத்தவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல? நடுநடுவே அவன் சொருகின வரிதான் அதெல்லாம்! வலிப்பு அவனுக்கு சார்! பாட்டெழுதினவருக்கு எல்லாம் இறைவன், பார்த்தெழுதினவனுக்கு எல்லாம் வியாதி!”

“கையெழுத்து வாங்கினியா, இல்லையா?”

“இல்ல சார்.”

“அப்ப ரத்து.”

“ரொம்ப தேங்க்ஸ் சார், பிரதி எடுத்தவனை வச்சுப் புதுசா ஆரம்பிக்கிறேன்!” என்று குதித்துக்கொண்டே உள்ளே ஓடினான்.

டாக்டரம்மா திரையைக் காட்டினார். சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் ஓரிடத்தில் மட்டும் கூர் கூராக எகிறியிருந்தன. “பிடிச்சாச்சு! பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கிடும்.”

அக்கா ஒயர்களோடு தலையைத் திருப்பினாள்.

“அப்ப மத்தவங்களுக்கெல்லாம் இது வரவே வராதா டாக்டர்? சும்மா காபி குடிச்சிட்டு, பேசினா பேசிக்கிட்டேவா இருக்காங்க?”