வெள்ளிக்கிழமை ஒரு மணி விமானம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. தடுப்பூசி வரிசையில் காதில் விழுந்தது. ஒரு பள்ளிக்கூட மைதானம், ஆறடிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் முகக்கவசம், எனக்கும் முகக்கவசம். ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டு மூடிய வாயால் வீட்டு விஷயத்தை ரகசியமாகச் சொல்ல முடியுமா? கத்தித்தான் சொன்னார். என்னோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். அதில் கதை எழுதுகிற பாவி நான் ஒருவன்தான்.

கதை கழுத்தைப் பிடிக்கிற இடத்துக்கு வந்தபோது அவருடைய டோக்கன் எண்ணை அழைத்தார்கள். எழுந்து போய்விட்டார். ஊசி போட்டுக்கொண்டவர்களை வேறு வாசல் வழியாக அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கப் பார்த்தேன், வரவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'வானம் வெறிச்சோடிக் கிடந்தது.' அடித்துவிட்டேன். அந்த வருஷம் மொட்டைமாடிக்குப் போன எல்லோரும் இதை எழுதிவிட்டார்கள்.

'பிரிவு என்பது ஒருவகையில்' (நல்லவேளை, இதற்குள் பால் பொங்கிவிட்டது. அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் வாக்கியத்தை முடிக்கிற ஆசையே போயிருந்தது.)

'ஒரே ஒரு விமானத்துக்கு நேரம் குறிக்க ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள்.' இது இருக்கட்டும். இது நடந்தது.

3

ஒரே ஒரு விமானத்துக்கு நேரம் குறிக்க ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் நம்மாள் ஒருவர். ஒரு விமான நிறுவனத்தில் இருபது வருஷமாகக் கால அட்டவணை போடுகிறவர். எது எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று கட்டம் போட்டு நிரப்புகிற வேலை. அலுவலகத்தில் அவர் பெயரே 'அட்டவணை'தான். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

நல்ல காலத்தில் வாரத்துக்கு முந்நூறு விமானம். பெருந்தொற்று வந்ததும் எல்லைகளைச் சாத்தினார்கள், முந்நூறு பூஜ்யமானது. பத்து மாதம் கழித்து, வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர ஒன்றே ஒன்றுக்கு அனுமதி வந்தது. அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. விமானம்தான் குறைந்ததே தவிர, துறையில் ஆள் குறையவில்லை. ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். இங்கே பாம்பு ஒன்று, கம்பு ஒன்பது.

தினமும் காலையில் அவரவர் வீட்டிலிருந்து கணினித் திரையில் கூடினார்கள். இறங்குகிற நாடு, புறப்படும் நேரத்துக்கு முந்தைய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றிதழ் கேட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? அமைச்சகம் சரி என்றது, பயணிகளைப் பதினான்கு நாள் அடைத்துவைக்கிற ஓட்டல் மாலை ஆறு மணிக்கு மேல் யாரையும் சேர்க்கமாட்டோம் என்றது. ஓட்டல் இறங்கிவந்தபோது அமைச்சகத்தில் விதி மாறியிருந்தது. ஒரே வாரத்தில் புறப்படும் நேரத்தை ஏழு தடவை மாற்றினார்கள். நாலாவது மாற்றம், வரவேற்புப் பதாகையோடு நிற்க வேண்டிய அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தோதுப்படும் என்பதற்காக. ஆறாவது, அந்தப் பதாகையில் விமானத்தின் நேரத்தை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள் என்பதற்காக. ஏழாவது, அச்சில் பிழை என்பதற்காக.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படிவம். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஏழு தடவையும் அட்டவணை அதில் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று எழுதினார். மற்ற எட்டு பேரும் ஒப்புதல் அழுத்தினார்கள்.*

* அப்படியென்றால் என்ன என்று வரிசையில் கேட்டேன். "தெரியாது சார். இருபது வருஷமா அதத்தான் எழுதறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

கடைசியில், வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அந்த வெளிநாட்டு ஊரிலிருந்து புறப்பாடு என்று முடிவானது. அந்த ஊரில்தான் அட்டவணையின் மனைவி இருந்தார்.

4

(மனைவியை முதல் வரைவில் மேல்படிப்புக்கு அனுப்பினேன். படித்துப் பார்த்த என் அக்கா, "இவ ஆராய்ச்சி பண்றா சரி, இவ குழந்தைக்கு மூக்கு ஒழுகினா யாரு தொடைக்கிறா?" என்று கேட்டாள். அக்கா கணக்கு வாத்தியார். கதையையும் விடைத்தாள் மாதிரிதான் திருத்துவாள். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.)

தன் அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று வாரம் என்று போனவர் அவர். விமானத்தில் கைக்குழந்தை அவதிப்படும் என்று மகளைக் கணவரிடம் விட்டுப் போனார். அப்போது குழந்தைக்கு ஒரு வயது நாலு மாதம். போன பத்தாம் நாள் எல்லைகளைச் சாத்திவிட்டார்கள்.

பத்து மாதம். அட்டவணை சோறு ஊட்டினார், குளிப்பாட்டினார், தூங்கவைத்தார், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இல்லாத விமானங்களுக்குக் கட்டம் போட்டார். குழந்தைக்குப் பேச்சு வந்தது. அவரை 'அம்மா' என்று கூப்பிட்டது. சோறு போடுகிறவர் அம்மா, இதில் தப்பென்ன? "நான் அப்பாடா கண்ணு" என்று திருத்தினார். "சரி அம்மா" என்றது.

மனைவி இதைத் தொலைபேசியில் கேட்டு முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் மாதம் சிரிக்கவில்லை. பிறகு குழந்தை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அட்டவணை செய்தித்தாளை மொடமொடவென்று மடக்கிச் சத்தத்தை மறைக்க ஆரம்பித்தார். இதைச் சொன்னபோது வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பெண்மணி திரும்பி அவரைப் பார்த்தார். நையாண்டிக் கதை எழுத உட்கார்ந்தவன் நான், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

5

இனி அந்தத் தப்பு.

விமானக்காரர்களுக்கு ஒரு தனிக் கடிகாரம் உண்டு. ஊருக்கு ஊர் நேரம் மாறுவதால் குழப்பம் வரக்கூடாது என்று உலகம் முழுக்க ஒரே பொதுநேரத்தில்தான் கணக்குப் போடுவார்கள். அட்டவணையின் கையில், கணினியில், மண்டையில் எல்லாம் அந்தப் பொதுநேரம்தான். வீட்டுச் சுவரில் மட்டும் ஊர் நேரம், அதுவும் மனைவி மாட்டியது.

மனைவி இருந்த ஊர் பொதுநேரத்தைவிட மூன்று மணி நேரம் முந்தியது. அங்கே மதியம் ஒரு மணி என்றால் பொதுநேரத்தில் காலை பத்து. வெள்ளி பத்து மணிக்குப் புறப்பாடு, எழுபத்திரண்டு மணி நேரம் பின்னால் போனால் செவ்வாய் பத்து. கூட ஓர் அரைமணி இருக்கட்டும் என்று மனைவியை அழைத்து, "செவ்வாக்கெழம சரியா பத்தரைக்குப் பரிசோதனைக்குப் போம்மா. அதுக்கு முன்னாடி போயிடாத" என்றார்.

மனைவி புருஷன் பேச்சைத் தட்டாமல், தன் ஊர்க் கடிகாரத்தில் சரியாகப் பத்தரைக்குப் போனார். போயிருக்க வேண்டியது ஒன்றரைக்கு.

முந்நூறு விமானத்துக்கு நேரம் பார்த்தவர் பெண்டாட்டிக்கு நேரம் சொல்லத் தெரியாமல் கோட்டைவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். "யான ஒரு தடவதான் சார் சறுக்கும். நான் அவகிட்ட மூணு தடவ ஞாபகப்படுத்தினேன், பத்தரை பத்தரைன்னு" என்றார்.

6

வியாழன் காலையில் சான்றிதழ் வந்தது. மனைவி சந்தோஷமாகப் படம் எடுத்து அனுப்பினார். மாதிரி எடுத்த நேரம்: செவ்வாய் 10.30. ஆக, வெள்ளி பத்தரைக்கே அது செத்துவிடும். விமானமோ ஒரு மணிக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, இரண்டரை மணி நேரத்தில்.

அட்டவணை தெரிந்த கதவையெல்லாம் தட்டினார். மறுபரிசோதனை? அந்த ஊர் ஆய்வகத்துக்கு முடிவு சொல்ல முப்பது மணி நேரம் வேண்டும். விதிவிலக்கு? அமைச்சகத்தில் எடுத்தவர், கோரிக்கையை எழுத்தில் அனுப்பினால் இருபத்தோரு வேலைநாளில் பதில் வரும் என்றார், ரொம்ப மரியாதையாக. கண்டும் காணாமல் விடுவார்களா? பதினொரு நிமிஷம் தாண்டிய ஒருவரை வேறொரு நாட்டுக்குப் போகிற விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பியதாக விமான நிலையத்து நண்பர் சொன்னார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. சான்றிதழின் ஆயுளை நீட்ட முடியாது, ஆனால் விமானத்தை முன்னால் இழுக்கலாம். விமானமும் பணியாளர்களும் முந்தின நாளே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அந்த ஊர் நேரப்படி பத்தேகாலுக்குக் கிளப்பினால் எல்லாம் சரி. பதாகை பிடிக்கிற அதிகாரிக்காக மாற்றலாமாம், ஒரு தாய்க்காக மாற்றக்கூடாதா? படிவத்தைத் திறந்தார். நேரம்: 10.15. காரணம்: செயல்பாட்டுக் காரணங்கள். படிவத்துக்குக் கெடு வியாழன் மாலை ஐந்து மணி.

அனுப்புவதற்கு முன், இருபது வருஷப் பழக்கத்தில், பயணிகள் பட்டியலை ஒருமுறை பார்த்தார். நூற்று நாற்பது பேர். எல்லோரும் அந்த ஊரிலேயே இருப்பவர்கள், குறுஞ்செய்தி அனுப்பினால் சீக்கிரம் வந்துவிடுவார்கள். பதினோரு பேரைத் தவிர. அவர்கள் தொலைவிலிருந்து ஒரு பேருந்தில் வருகிறார்கள். ஊரடங்கு விடியற்காலை நாலு மணிக்குத்தான் விலகும், அதற்கு முன் வண்டியை எடுக்க முடியாது. ஏழு மணி நேர வழி. பதினொன்றுக்கு வந்து சேர்வார்கள்.

அவர்களுக்கும் அடுத்த விமானம் எப்போது என்று தெரியாது.

7

இந்த இடத்தில்தான் டோக்கனை அழைத்தார்கள். இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

முடிவு அ: நேரத்தை மாற்றிவிட்டார். மனைவி வந்தார், பதினான்கு நாள் ஓட்டல் அறையில் கிடந்தார், வீட்டுக்கு வந்தார். குழந்தை அட்டவணையின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு இது?" என்று கேட்டது. பதினோரு பேர் மூடிய கவுண்டரின் முன்னால்

(நிறுத்திவிட்டேன். கவுண்டர் முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதினால் இந்த முடிவை நானே வெறுத்துவிடுவேன்.)

முடிவு ஆ: மாற்றவில்லை. பதினோரு பேரும் வந்து ஏறினார்கள், யாரால் ஏறினோம் என்று தெரியாமலே. அட்டவணை உத்தமர் ஆனார். உத்தமருக்குச் சோறு ஊட்ட வேண்டிய வேலை இருந்தது.

முடிவு இ: விமானி நல்லவர், ஊரடங்கிலும் பேருந்தை விட்ட காவல் அதிகாரியும் நல்லவர், எல்லோரும் நல்லவர்கள். (கிழித்துப் போட்டேன். அந்த வருஷத்தைப் பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.)

அக்காவிடம் காட்டினேன். யோசிக்கவே இல்லை. "மாத்தச் சொல்லுடா அவன."

அந்தப் பதினோரு பேர் என்று இழுத்தேன்.

"அவங்கள எனக்குத் தெரியாது. இந்தக் குழந்தையத் தெரியும்."

கணக்கு வாத்தியாருக்கே பதினொன்று ஒன்றைவிடச் சின்னதாகிவிட்டது. தப்பு அவள் மேல் இல்லை. குழந்தைக்கு நான் ஒரு பகுதி முழுக்கக் கொடுத்திருக்கிறேன், பதினோரு பேருக்கு ஒரு பத்தி. நடுவர் மாதிரி பேசிக்கொண்டே தராசில் விரலை வைத்திருந்திருக்கிறேன். சரி, நேர்மையாக இருப்போம் என்று ஒரு வரி எழுதினேன்: 'பேருந்தின் இரண்டாவது வரிசையில் இருந்தவர், தன் மகனை ஆஸ்பத்திரியில்'

அந்த வரியை முடிக்கவில்லை. முடித்திருந்தால் அக்கா வேறு பதில் சொல்லியிருப்பாள். அவ்வளவு சுலபமாக மாறுகிற பதிலுக்காக நான் ஏன் எழுத வேண்டும் என்று கோபம் வந்தது.

8

வியாழன் மாலை நாலே முக்கால். (இதையும் நான்தான் உண்டாக்குகிறேன். ஆனால் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும் என்று சத்தியம் செய்வேன்.) சாப்பாட்டு மேஜையில் கணினி, படிவம் திறந்தபடி இருக்கிறது. குழந்தை தரையில் பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருக்கிறது. அட்டவணை மனைவியை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பத்தரை யாருடைய பத்தரை என்பதை, பத்தேகால் என்கிற வழியை, பேருந்தை.

தன் தப்புக்கு மனைவி திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். மனைவி அந்தத் தப்பைத் தொடவே இல்லை.

"அந்தப் பதினோரு பேரப் பத்தி எங்கிட்ட ஏங்க சொன்னீங்க?"

"சொல்லாம எப்படிம்மா..."

"சொல்லாமலே மாத்தியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு வந்து எறங்கியிருப்பேன். எம்புள்ளயத் தூக்கியிருப்பேன். இப்ப நான் மாத்துங்கன்னாலும் பாவி, வேணாம்னாலும் பாவி. உங்களால தனியா சொமக்க முடியலன்னு எந்தலையில எறக்கி வச்சிட்டீங்க."

தரையிலிருந்து குழந்தை, "அம்மா, இன்னொண்ணு" என்றது. பக்கத்தில் செய்தித்தாள் இருந்தும் அட்டவணை எடுக்கவில்லை.

"நீங்களே பாத்துப் பண்ணுங்க" என்று மனைவி வைத்துவிட்டார்.

இத்தனை பக்கம் கேலி பேசிவிட்டு, இப்போது கைகட்டி நிற்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் வந்த கோபம் உங்களுக்கு என்மேல் வந்தால் நியாயம்தான். நிம்மதியாகக் குழந்தையின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த உங்களிடம் பேருந்தைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லியாயிற்று. என்னாலும் தனியாகச் சுமக்க முடியவில்லை.

கெடுவுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது. நேரக் கட்டத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். காரணக் கட்டத்தையும்தான். அவர் இருபது வருஷமாக எழுதியதை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

புறப்படும் நேரம்: ______

காரணம்: ______