ஸ்டர்ஜன் மீனுக்கு ஆற்றுத் தண்ணீர்

கிரேசி டீச்சருக்கு அண்ணன் மேல் கோபம் வருவது புதிதில்லை. ஆனால் அதுவரை வந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே அடங்கிப்போகிற கோபம்.

அண்ணன் பொன்னுதுரை, தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் இறைச்சியும் சப்ளை செய்கிறவர். எழுபத்தாறு டிசம்பரில் கருங்கடல் பக்கத்துக் கப்பலொன்று இயந்திரம் பழுதாகி மூன்று வாரம் இங்கேயே நின்றுவிட்டது. எங்கோ ஒரு மீன் பண்ணைக்குக் கொண்டுபோகிற ஸ்டர்ஜன் மீன்கள் அதில் குளிர்ந்த தொட்டிகளில் கிடந்தன. தினமும் ஏறி இறங்கிய பழக்கத்தில் பொன்னுதுரைக்கு நாலு மீன் தருவதாகக் கேப்டன் சொல்லிவிட்டார். பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தும் தங்கையை அழைத்துக்கொண்டு அவர் கப்பலேறினார்.

புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்த மீன் கிரேசியின் கைக்கெட்டும் தூரத்தில் நீந்தியது. நீண்ட மூக்கு, அதன் அடியில் நாலு மீசை, முதுகு நெடுக வரிசையாக எலும்புத் தகடு. பொன்னுதுரை இருப்பதிலேயே பெரிய ஜாதியைக் காட்டினார்.

"அது ஆளுயரத்துக்கு மேல வளரும்ண்ணே. நம்ம தோட்டத்துக் குளத்துல திரும்பக்கூட எடம் இருக்காது."

சின்ன ஜாதியில், முதுகு வளையாமல், மீசை அறுபடாமல், தரையோடு தரையாகச் சுறுசுறுப்பாய்த் திரிந்த நாலை அவளே பொறுக்கினாள்.

"குளிர் தேசத்து மீனு. பங்குனி வெயிலு தாங்குமான்னு தெரியல."

"அதுக்குத்தான ஒன்னப் படிக்க வச்சிருக்கு. வளத்துக் காட்டு."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது.

குளத்தை ஆழமாக வெட்டச் சொன்னாள். தண்டுகளுக்குள் தலையைக் கொடுத்தால் பின்னால் வரத் தெரியாத மீன் என்பதால் தாமரையைப் பிடுங்கி எறிந்தாள். மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, மோட்டார் வைத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிட்டாள். இறாலை நறுக்கிப் போட்டால் அடியில் தடவித் தடவித் தின்றன. வீட்டுக் கிணறு உப்பு. ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்காவது மாற்ற வேண்டும் என்றாள். பொன்னுதுரை ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரிக்கு ஏற்பாடு செய்தார். எந்த லாரி என்று அவள் கேட்கவில்லை. பள்ளி விட்டு வரும்போது குளம் நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். துறைமுகத்துப் பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள்.

மார்ச் மாதம் பரீட்சைக்காகப் பள்ளி அரைநாளோடு விட்ட ஒரு மதியம், குடிதண்ணீர் லாரி வந்து நிரப்பும் தெருமுனைத் தொட்டியைச் சுற்றிக் குடங்கள் வெறுமனே வரிசையில் நிற்பதைக் கிரேசி பார்த்தாள். கடைசி வீட்டுச் செல்லக்கனி சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு குடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"லாரி இன்னும் வரலையா?"

"வந்துட்டுப் போயிட்டு டீச்சர். தொட்டில அடித்தண்ணிதான் விழுந்துச்சு."

"மிச்சம் எங்க போச்சு?"

செல்லக்கனி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்குத்தான். மாசி பொறந்ததுலேருந்து அப்படித்தான நடக்கு. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நாங்க நெனச்சிட்டிருக்கோம்."

கிரேசிக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக இந்தத் தெருவில் எத்தனை பேர் அவளைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

பொன்னுதுரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தெருவுக்கு வார லாரியவா மறிச்சி ஊத்துதீய?"

"தண்ணி மாத்தணும்னு நீதானளா சொன்ன?"

"சொன்னேன். அடுத்தவ குடத்துலேருந்து எடுத்து மாத்துங்கன்னு சொன்னேனா?"

"லாரிக்காரன் நமக்கு வேண்டியவன். அவனா கொண்டாந்து ஊத்துதான். தெருவுல கண்டவ பேச்சக் கேட்டுட்டு வந்து என் வீட்டுல சத்தம் போடாத."

"ரெண்டு பேருக்குமா அப்பா எழுதி வச்ச வீடு இது."

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். அவர் மனைவி, மைனி ஞானபாய், தண்ணீர்ச் செம்போடு அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து லாரி வரும் முறை. கிரேசி பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வாசல் கேட்டைப் பூட்டி, அதன் முன்னால் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்தாள். லாரி வந்து ஆரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. யாரோ சொல்லியனுப்பிப் பொன்னுதுரையும் கார் எடுத்து வந்தார். தெரு முழுக்கக் குடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டத் தொற."

"மாட்டேன்."

"மீனு செத்துப்போவும்ளா."

"ஒங்களவிட எனக்கு நல்லாத் தெரியும். பொறுக்கி எடுத்தவ நான்."

அவர் சாவிக்குக் கை நீட்டினார். அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கையை ஓங்கவும் ஓங்கினார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, கை இறங்கியது. டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு லாரியைத் தெருமுனைக்கு ஓட்டினான். அன்று தொட்டி விளிம்பு வரை நிரம்பியது.

மீன்களைச் சும்மா சாகவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஐஸ் பேக்டரியிலிருந்து பாளம் பாளமாக வாங்கிச் சாக்கில் சுற்றிக் குளத்தில் இறக்கினாள். மதியத்துக்குள் கரைந்தது. நாலாம் நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாரம் முடிவதற்குள் நாலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசி மீனை அவள் கையில் தூக்கியபோது பொன்னுதுரை பின்னால் வந்து நின்றார்.

"ஸ்பிரிட்ல போட்டு வை. வாரவங்களுக்குக் காட்டலாம்."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். தோட்டத்து மண் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவளுக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. அண்ணன் மேல் பாதி, கப்பலில் மீனைக் கண்டதும் வாயை மூடிக்கொண்ட தன் மேல் பாதி. வளர்ந்த இடத்தில் கிடந்திருந்தால் இன்னும் பல வருஷம் உயிரோடிருந்திருக்கும் மீன்.

அண்ணன் அவளோடு பேச்சை விட்டார். அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. லாரி வரும் நாட்களில் பள்ளிக்குத் தாமதமாக வருவதாகத் தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் வரும்வரை அவள் தெருமுனைத் தொட்டியின் பக்கத்தில் போய், லாரித் தண்ணீர் முழுக்க அதில் இறங்கும்வரை நின்றாள்.