திருப்பாத பந்து

1

வேட் ஓஸ்ட்லண்ட் மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கதையை எழுதவைத்தது. நண்பனைப் பற்றிய கதையாகத்தான் முதலில் ஆரம்பித்தேன். ‘வேட் நல்லவன், அதனாலேயே...’ அந்த வரியை அடித்துவிட்டேன்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு உதைப்பவன் அவன்; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. அது ஒன்றுதான் அவன் வேலை. நான் அவனுக்கு மாற்று ஆள். அவன் உதைப்பதற்காக மண்டியிட்டுப் பந்தை நிறுத்திப் பிடிப்பவனும் நான்தான்.

2

அக்டோபரில் வேட் தொடர்ந்து ஐந்து உதைகளைத் தவறவிட்டான். உணவுக்கூடத்தில் அவன் மேசைக்கு யாரும் போகவில்லை. (இங்கே எனக்கு இரக்கம் வந்ததாக ஒரு பத்தி இருந்தது. பொய். எடுத்துவிட்டேன்.)

வியாழக்கிழமை கோச் லின்ட்க்விஸ்ட் என்னைக் கூப்பிட்டார்.

“கர்ட், இவன் படுத்துறான்பா. இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா, இல்ல சனிக்கிழமை நீயே உதைக்கிறியா?”

“பொறுங்க கோச். பாவம், இன்னொரு வாய்ப்பு குடுங்க.”

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஊரே பார்க்க அவன் இன்னொரு தடவை தவறவிட வேண்டும். அதற்குப் பிறகு அவனுக்காக ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

3

சனிக்கிழமை. நான்கே வினாடி மிச்சம், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். என் கைக்கு வந்த பந்தின் தடித்த தையல் வேட் பக்கம் பார்த்தபடி இருந்தது. அதில் கால் பட்டால் பந்து கோணலாகப் போகலாம். விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றித் திருப்பிவைப்பது என் பொறுப்பு. நேரம் இருந்தது.

(‘நேரம் இல்லை’ என்றுதான் முதல் இரண்டு வரைவுகளிலும் எழுதியிருந்தேன்.)

திருப்பவில்லை.

பந்து தள்ளாடிப் போய், இடது கம்பத்தில் பட்டு, உள்பக்கமாகக் கடந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. வேட் நேராக என்னிடம் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

“கோச் சொன்னாருடா, எனக்காக நீதான் பேசினியாம்.”

“ம்.”

“தையல் என் பக்கம் இருந்துச்சு, பார்த்தேன். குளிர்ல விரல் மரத்துப்போச்சா? விடுடா, அடுத்த வாரம் சரியாப் பிடிச்சிருவ.”

“ஆமாடா, குளிர்” என்றேன்.

அவன் என்னைப் பொறுத்துக்கொண்டான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

4

அந்தப் பருவத்தில் அவன் பிறகு ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நான் ஒருமுறைகூட உதைக்கவில்லை.

முடிவாக இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இந்தப் பக்கங்களை அவனுக்கு அனுப்புகிறேன். மற்றதில் கிழித்துப் போடுகிறேன். இரண்டிலும் நான் அவனைவிட ஒரு படி நல்லவனாகத் தெரிந்தேன். அதனால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

வேட் இப்போது மைனாட்டில் விதைக்கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்திருந்தால், அவனிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் பாடு.