பிரேக்கை மிதித்தால் அணைகிற விளக்கு

இருந்தவர்கள் மூன்று பேர். ஜான்சன் சித்தப்பா, கவிழ்த்த வாளியின் மேல், பழைய புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு எதிரே. நான் பாட்டரிப் பக்கம், உரச்சாக்கின் மேல். அம்மா பரிமளா வாசற்படியில், மடியில் முறமும் வேர்க்கடலையுமாக. வண்டிக்குச் சொந்தக்காரனான என் தம்பி ஆல்பர்ட் மட்டும் இல்லை. சாமியாராகப் போகிறவன், துறவு இல்லத்தில் இருந்தான். அங்கே போன் கிடையாது, கடிதம்தான்.

கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான்: "அக்கா, துறவு வார்த்தைப்பாடு எடுக்குமுன் என் பொருளெல்லாம் யாருக்கு என்று எழுதித் தர வேண்டும். பாக்கி புல்லட்தான். லைட்டெல்லாம் சரியானதும் தகவல் கொடு, உன் பெயருக்கு எழுதிவிடுகிறேன்."

அம்மாவுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. லைட் எரியாவிட்டால் வண்டி பாக்கி நிற்கும். அது பாக்கி நின்றால் வார்த்தைப்பாடும் நிற்கும், பிள்ளை வீடு திரும்புவான்.

பழைய வயரையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்து, ஹாரன், சுவிட்சு எல்லாம் மாட்டியாகிவிட்டது. பகலில் தெரியாது என்று ஹெட்லைட்டைப் போர்வையால் மூடி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். எரிந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். மங்கி அணைந்தது.

"அணைஞ்சுடுச்சா?" அம்மா முறத்தோடு எழுந்து வந்தாள்.

"இன்னா அண்ணி, நல்ல சேதி கேட்ட மாதிரி ஓடியாற?"

"நீ வூட்டுக்கு வயர் இழுக்கறவன். வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? உடு."

போய் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

சித்தப்பா பாட்டரி வயர் வண்டிச் சட்டத்தில் சேரும் போல்ட்டைத் தட்டினார். "இங்க கீது கோளாறு. கரண்ட்டு திரும்பி வர்றது இந்த இரும்பு வழியாத்தான். நம்ம சாமியாரு போறப்போ இது மேலயும் பெயிண்ட்டு அடிச்சிட்டுப் போய்க்கீறாரு. சுரண்டணும்."

"சுரண்டாத. எம்புள்ள அடிச்சது அது."

ஒரு வருஷமாக அவள் தினமும் துடைத்து வந்த பெயிண்ட். சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார். நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கறுப்பு போய் இரும்பு வெளுத்தது. அம்மா தடுக்கவில்லை. போல்ட்டை முடுக்கியதும் அவளே போர்வைக்குள் தலையை விட்டாள்.

நான் பிரேக்கை மிதித்தேன்.

"எரியல," என்றாள் உள்ளேயிருந்து.

உள்ளே எரிந்த வெளிச்சத்தில் போர்வை நூலெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

"நல்லாப் பாரு அண்ணி."

"பாத்துக்கினுதான் கீறேன். எரியல."

சித்தப்பா சிரித்தார். அம்மா வெளியே வர நேரமாயிற்று.

"எரியலன்னே எழுதுடி."

எழுதியதை வாசித்துக் காட்டினேன்: "ஆல்பர்ட், லைட் எரிகிறது. பிரேக் மிதித்தாலும் எரிகிறது. அம்மா எரியவில்லை என்று எழுதச் சொன்னாள். அதையும் எழுதிவிட்டேன்."

"உன்ன எந்த நேரத்துல பெத்தனோ!" என்றாள். முறத்தை எடுத்து வைத்துவிட்டு, "சோறு நல்லாப் போடறாங்களான்னு கேளு."

அதையும் எழுதினேன். பருக்கை தேய்த்து உறையை ஒட்டினேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு அம்மா புல்லட்டில் என் பின்னால் ஏறிக்கொண்டாள். உத்திரமேரூர் தபாலாபீஸுக்குப் போனோம்.

பெட்டி முன்னால் நின்றாள். "போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாதும்மா."

போட்டாள். போட்டபின் கையையும் உள்ளே விட்டுப் பார்த்தாள். விரல்கள் மட்டும்தான் போயின.