மூச்சும் நிதானமும்

...பதினோரு வருஷம், ஒன்றா இரண்டா, பதினோரு வருஷமாக இன்ஹேலர் மருந்தை நாக்குக்குக் கொடுத்திருக்கிறாள், நெஞ்சுக்குப் போய்ச் சேரவே இல்லையாம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "எப்படி எடுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றபோது எரிச்சலாகத்தான் இருந்தது, இதிலென்ன பரீட்சை, செய்து காட்டினாள், வாயோரம் புகை புகையாக வெளியே வந்தது, "பாத்தீங்களா, மருந்து உங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போகுது" என்று நர்ஸ் சிரிக்க, அவளுக்கும் சிரிப்பு, சிரிப்போடு இருமல். முதலில் உள்ளே இருக்கிற மூச்சை முழுக்க விடணும், அப்புறம் அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்கணும், பத்து எண்ணும்வரை பிடித்துக்கொள்ளணும், பிறகு வாய் கொப்பளிக்கணும்... இவ்வளவுதானா? யாரிடமாவது கேட்டிருக்கலாமே, எங்கே கேட்பது, இன்ஹேலரைக் கைக்குட்டைக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தவள். நாத்தனார் வேறு, "தினம் அடிச்சீங்கன்னா அதுக்கே அடிமையாயிடுவீங்க அண்ணி" என்பாள், அந்தப் பயத்தில் நெஞ்சு கொஞ்சம் லேசானதுமே தினசரி மருந்தை நிறுத்திவிடுவாள், இழுப்பு வந்தால் மட்டும் அவசர மருந்து. இழுக்காத நாளிலும் உள்ளே வீக்கம் இருக்கும், தினசரி மருந்து அதற்குத்தான் என்பது நாற்பத்து மூன்று வயதில் தெரிய வேண்டியிருக்கிறது...

அட, நடுத்தளம் எங்கே? ரயில் நிலையத்து மேம்பாலத்தில் அவள் வேலை பார்க்கிற அறிவிப்பு அறைக்குப் போகிற படிகள், பாதியில் ஒரு சின்னத் தளம், தினமும் காலையில் அங்கே நின்று போனில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்வாள், போன் அணைந்திருந்தாலும் பார்ப்பாள், மூச்சு திரும்பும்வரை. இன்று திரும்பிப் பார்த்தால் தளம் கீழே கிடக்கிறது, எப்போது தாண்டினாள்? நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள், விசில் சத்தம் இல்லை, படபடப்பு மட்டும், அது சந்தோஷமாகக்கூட இருக்கலாம், அவசரப்படாதே, நாளைக்கே தூசிக் காற்று அடித்தால் தெரியும்... அதற்கும்தான் நர்ஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, இப்படியானால் இதைச் செய், அப்படியானால் ஓடி வா என்று.

மைக்கைப் போட்டாள். இருபது நிமிடம் தாமதம், இரண்டாவது நடைமேடைக்குப் பதில் ஐந்தாவது, பயணிகளின் சிரமத்துக்கு வருந்துகிறோம், எல்லாம் மடமடவென்று வந்து முடிந்துவிட்டது, அவளே திடுக்கிட்டாள். கதவருகே ஸ்டேஷன் மாஸ்டர்.

"என்னம்மா, இன்னைக்கு எக்ஸ்பிரஸ் வேகம்? வழக்கமா நடுவுல நிறுத்தி நிறுத்திச் சொல்வீங்களே, ஜனங்களுக்குப் புரியட்டும்னு. உங்க நிதானத்தைப் பத்தி நான் மேலிடத்துல எவ்வளவு பெருமையாச் சொல்லியிருக்கேன்!"

"அது நிதானம் இல்ல சார், ஆஸ்துமா." சொல்லிவிட்டாள், இந்த அறையில் முதல் தடவையாக, கூரை இடிந்து விழவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ உங்களுக்கு நிதானமே கிடையாதா?"

விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்தும் இருமல் வரவில்லை. ஆனால் அவர் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை... மகளோடு மலையேற வரமாட்டேன் என்றது, வீட்டுச் சண்டையில் பாதியில் வாயை மூடிக்கொண்டது, கூட்டத்தில் பின்வரிசை பார்த்து உட்கார்ந்தது, சாதுவான பொம்பளை என்று எல்லோரும் சொன்னது, இதில் எது அவள் சுபாவம், எது மூச்சுப் பற்றாமல் போனது? தெரியவில்லையே, அவளுக்கே தெரியவில்லை, அடுத்த வண்டிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது, மகளைக் கூப்பிட்டாள், அந்த மலைக்கு எத்தனை படி என்று கேட்க.