கழுகுச் சீட்டு

1

இந்தக் கதையை எங்கள் தேவாலயத்தில் ஒரு துக்கச் சாப்பாட்டில் கேட்டேன். சொன்னவர் பிரின்ஸ் மௌல்ட்ரியின் கொள்ளுப்பேரன். 1876 தேர்தல் என்றார். மற்றதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. வாக்குச்சீட்டிலிருந்தது கழுகா, வேறு பறவையா? கழுகு என்றே வைத்துக்கொள்கிறேன்.

2

தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, தானே எழுதப் படிக்கக் கற்று, மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த சைரஸ் கெய்லார்டு—

(கல்லறைக் கல்லைப் படிப்பது போலிருக்கிறது. விட்டுவிட்டேன்.)

நெல்லடிக்கும் காலம். தேர்தலுக்கு மூன்று வாரம். வேலை முடிந்து எழுத்துக் கற்கப் பள்ளிக்கு வந்த ஆண்கள் பெஞ்சிலேயே தூங்கினார்கள். வாத்தியார் சைரஸ் மறுபடி ஜெயிக்காவிட்டால் பள்ளிக்கு வரிப்பணம் நிற்கும். அப்போதெல்லாம் வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கையில் கொடுக்கும். சைரஸ் பலகையிலிருந்த தன் பெயரை அழித்துவிட்டுக் கழுகு வரைந்தார்.

"எழுத்து அப்புறம் பாத்துக்கலாம். கழுகு இருந்தா நம்ம சீட்டு. அதைப் போடுங்க, போதும்."

"அப்பாடா!" என்றார் அறுபது வயது பிரின்ஸ். "இந்த எழுத்துங்களோட மல்லுக்கட்டறதுக்கு என் கோவேறு கழுதையே தேவலை, வாத்தியாரே."

எல்லோரும் சிரித்தார்கள். சைரஸின் மனைவி டெம்ப்பி சிரிக்கவில்லை.

"படிக்கத்தானேங்க வந்தாங்க?"

(சைரஸின் பதிலை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் அவர் என்னைவிட நல்லவராகத் தெரிந்தார். மூன்றையும் அடித்துவிட்டேன்.)

3

வாக்குச்சாவடி வாசலில் வெள்ளைக்கார எதிர்க்கட்சிக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாய்ச் சீட்டு நீட்டினார்கள். மேலே அதே கழுகு. கீழே அவர்களுடைய ஆட்களின் பெயர்கள்.

பிரின்ஸ் வாக்களித்துவிட்டு வந்தார்.

"துப்பாக்கியோட நின்னானுங்க, வாத்தியாரே. நான் அசரலையே! கழுகப் பாத்தேன், போட்டேன். இந்தாங்க, அதே சீட்டு இன்னொண்ணும் குடுத்தான்."

சைரஸ் வாங்கிப் படித்தார். நெடுநேரம் படித்தார்.

"சரியாத்தானே போட்டேன்?"

4

"இல்ல மாமா, தப்பு என்னோடது" என்று ஒரு முடிவு எழுதினேன். "சரிதான் மாமா" என்று இன்னொன்று. இரண்டுக்கும் முன்னால் வரும் மௌனத்தை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. சைரஸ் என்ன சொன்னார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சைரஸ் நாற்பத்தொரு வாக்கில் தோற்றார். மார்ச் மாதம் பள்ளி மூடப்பட்டது. டெம்ப்பி சவான்னா நகரில் துணி வெளுத்தாள். அங்கேயே காய்ச்சலில் இறந்தாள். சைரஸ் அதன்பின் கற்பிக்கவில்லை; துறைமுகத்தில் மூட்டை எண்ணினார். ஆறு வருடத்தில், படிக்கத் தெரியாதவன் வாக்களிக்க முடியாதபடி ஒரு சட்டம் வந்தது. பிரின்ஸ் எண்பத்துமூன்று வயதுவரை இருந்தார். மறுபடி வாக்களிக்கவே இல்லை.