கோ-பே

காலையில் மனைவி வள்ளியாத்தாளுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்டரில் ஐயாசாமி பில்லோடு நின்றார்.

"கோ-பே இருபது சதவீதம். எட்டாயிரம் நீங்க கட்டோணுங்கய்யா," என்றாள் அங்கிருந்த பெண்.

"கோ-ன்னா கம்பெனிதானுங்களே அம்மணி? எங்க தறிப்பட்டறை போர்டுலகூட 'அன்ட் கோ'ன்னுதான் எழுதியிருக்குது. கம்பெனி கட்டும்னுதானுங்க ரெண்டு கண்ணுக்கும் ஒத்துக்கிட்டேன்."

"இல்லீங்கய்யா, அது உங்க பங்கு. அடுத்த கண்ணுக்கும் இதேதானுங்க."

பின்னாலிருந்து வள்ளியாத்தாள் அவர் கையைத் தடவிப் பிடித்தாள்.

"அடுத்தது வேண்டாமுங்க. இந்தக் கண்ணே நல்லாத் தெரியுது, போதும். வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

அவள் கண்கட்டை மறுநாள்தான் அவிழ்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஐயாசாமி சரியென்று தலையாட்டினார்.